மாசிலாமணியின் கழுத்து

இந்த ஆஸ்பத்திரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பெரியவர் வாழ்த்துவார் என்று நினைத்துத்தான் எழுதச் சொல்லியிருப்பீர்கள். வாழ்த்து பிறகு வரும். முதலில் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் இதயப் பிரிவில் ஒரு நோயாளியைப் பார்த்தேன். ஏட்ரியல் ஃப்ளட்டர். இதயத்தின் மேலறை கட்டுக்கடங்காமல் துடிக்கும் நோய். உங்களில் ஒரு பெண், இருபத்து மூன்று வயதுகூட இருக்காது, அவன் மார்பில் கம்பிகளை ஒட்டினாள். காகிதம் ரம்பப் பல் வரைந்துகொண்டே வெளியே வந்தது. "ஃப்ளட்டர்தான் சார்" என்று சொல்லிவிட்டுத் தன் தேநீரைக் குடிக்கப் போய்விட்டாள். மறுநாள் தொடை நரம்பு வழியாக ஒரு கம்பியை உள்ளே விட்டு, இதயத்துக்குள் ஒரு சின்னக் கோடு போலச் சுட்டுவிட்டார்கள். ஆள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். எனக்கு அந்தப் பெண்ணின் தேநீரைத் தட்டிவிடவேண்டும் போல இருந்தது. அதே நோயைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மனிதனை உள்ளும் புறமும் வெறுக்கவேண்டியிருந்தது.

அவன் பெயர் மாசிலாமணி. ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம். லூனாஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தின் ஆஸ்பத்திரியில் நாங்கள் இரண்டு பேர் டிரசர்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஊசி போடுவது, மருந்து கலக்குவது, டாக்டர் வராத நாளில் டாக்டராக இருப்பது எல்லாம் டிரசர் வேலை. வெள்ளைக்காரத் துரையும் வெள்ளைக்கார டாக்டரும் போய்விட்டார்கள். கூலிம் பட்டணத்திலிருந்து ஒரு தமிழ் டாக்டர் வாரம் ஒருமுறை சைக்கிளில் வருவார். சுற்றிலும் ரப்பர் மரம், ஆனால் சைக்கிளுக்கு டயர் கிடையாது. தண்ணீர் விடும் ரப்பர்க் குழாயை வெட்டிச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு கடகடவென்று வருவார். வந்து இறங்கியதும் முதல் கேள்வி, "மாசிலா எங்க?"

அந்த ஆஸ்பத்திரியில் அவனுக்கு முன்பிருந்தே நான் இருந்தேன். அவன் பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன். வந்த ஒரே வருடத்தில் எல்லாரும் அவனுடைய ஆட்களாகிவிட்டார்கள். நான் போட்ட ஊசி வலித்தது, அவன் போட்டது வலிக்கவில்லை. என்னிடம் மருந்து வாங்கியவர்கள் அவனிடம் போய் அதைக் காட்டி, "இது சரிதானாண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் குடித்தார்கள். வாத்து முட்டை அவனுக்கு வந்தது. டாக்டரின் சிகரெட்டில் பாதி அவனுக்குப் போனது. ஜப்பான் அதிகாரி வந்தால் நாங்கள் குனியவேண்டும். நான் குனிந்தால் போதவில்லை என்று கன்னத்தில் விழும். மாசிலாமணி சரியான அளவில் குனிவான், அதிகாரி தலையாட்டிவிட்டுப் போவான். மற்றவனுக்குக் கைராசி இருக்கும், இவனுக்கு இடுப்பிலும் ராசி.

இதெல்லாம் போதாதென்று தங்கம் மாதிரி ஒரு பெண்டாட்டி. பெயரே தங்கம். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தது. அவளுடைய அண்ணன் எப்போதாவது பெண்டாங் பக்கத்து வயல் அரிசியில் ஒரு சிறங்கை ஒளித்துக் கொண்டுவருவான். மற்றபடி அவர்களும் எங்களைப் போல மரவள்ளிக் கிழங்குதான் தின்றார்கள்.

ஒருநாள் உத்தரவு வந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து ஆட்கள் போகவேண்டும், கூடவே ஒரு டிரசர். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், சம்பளம் உண்டு, அரிசி உண்டு, துணி உண்டு என்றார்கள். அந்த ரயில் எத்தனை பேரைத் தின்றது என்று இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அன்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்திலிருந்து அதுவரை யாரும் போனதில்லை. வேறு தோட்டத்திலிருந்து போனவர்கள் யாரும் திரும்பி வந்து சொல்லவும் இல்லை. எங்கள் காதில் அரிசி என்ற சொல் மட்டும்தான் விழுந்தது.

நான் பெரிய கிராணியிடம் போய் என்னை அனுப்புங்கள் என்று வாய்விட்டுக் கேட்டேன். அவர் தோட்டத்தின் கணக்குப்பிள்ளை, இப்போது துரையின் நாற்காலியிலும் அவர்தான் உட்கார்ந்திருந்தார். "மாசிலாமணிய எழுதியாச்சுப்பா. பிள்ளக்காரனாகப் போறவன். ஆளுங்களும் அவன்தான் வேணும்னு கேக்கறாங்க" என்றார். அன்று எனக்குக் கிழங்கு இறங்கவில்லை. அவனுக்கு வாத்து முட்டை, அவனுக்குத் தங்கம், இப்போது சயாமும் அவனுக்கா?

ஒருவன் மேல் பொறாமை வந்துவிட்டால் கண் அவனை விட்டு நகராது. அவன் எப்படிச் சட்டை மடிக்கிறான், எந்தக் கையால் பாட்டிலைத் திறக்கிறான், யார் வந்தால் சிரிக்கிறான் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படித்தான் அவன் கழுத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் சாய்ந்தபடி பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தான். சட்டைப் பொத்தான் திறந்திருந்தது. கழுத்தின் பக்கவாட்டு நரம்பு ஒன்று மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. துடிப்பு இல்லை, அதிர்வு. எண்ணமுடியாத வேகம். அவன் முகமோ சாதாரணமாக இருந்தது.

பிறகுதான் மற்றவை நினைவுக்கு வந்தன. சில நாட்களாகவே மேட்டில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தான். டயர் சரியில்லை என்று சொல்லிக்கொண்டான். ஆட்களைத் தூக்கிப் படுக்கவைக்கும்போது இரண்டு முறை மூச்சு வாங்கினான். கிழங்கு தின்றால் அப்படித்தான் என்றான். எல்லாரும் சிரித்தார்கள், அவன் என்ன சொன்னாலும் சிரிப்பார்கள்.

இப்போது என் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இவன் நெஞ்சில் நோய் இருந்தால் இவன் சயாமுக்குப் போகமுடியாது. இவன் போகமுடியாவிட்டால் நான் போவேன். அந்த நோயைப் பார்த்த ஒரே ஆள் நான். நான் பார்த்தேனா, அல்லது பார்க்க ஆசைப்பட்டேனா? என் கண்ணை நானே நம்பவில்லை. வேலையில் எனக்கு வந்த நெருக்கடிகளில் அது பெரியது. காலரா வந்தபோதுகூட என்ன செய்யவேண்டும் என்று தெரிந்திருந்தது.

ஆகவே ஒன்று முடிவு செய்தேன். என் கண்ணை ஒதுக்கிவிட்டு, அடுத்தவன் விரல் வைத்தாலும் தெரிகிற ஒன்றைத் தேடவேண்டும். சயாமுக்குப் போகிற ஆட்களின் உடம்பை நாங்கள் இருவரும்தான் சோதித்துக்கொண்டிருந்தோம். கடைசி ஆள் போனதும், "எல்லாரையும் பாத்தாச்சு, உன்ன யாரு பாக்கறது?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கையை நீட்டினான்.

நாடி நிமிடத்துக்கு நூற்றைம்பது. காய்ச்சல் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிவரை ஏறி இறங்கி வரச் சொன்னேன். வெளுத்த உதடுகளோடு வந்தான். அப்போதும் நூற்றைம்பது. கொஞ்சம் படுக்கச் சொன்னேன். அதே நூற்றைம்பது. நல்ல இதயம் மேடு ஏறினால் ஓடும், படுத்தால் நடக்கும். காய்ச்சல்காரனின் இதயம்கூட அசைந்து கொடுக்கும். இது எதற்கும் அசையவில்லை.

"உன் நெஞ்சு சரியில்ல மாசிலா" என்றேன்.

அவன் கையை உருவிக்கொண்டான். "மலேரியா உள்ள இருக்குலா. கொயினா போட்டுக்கிட்டிருக்கேன், அடங்கிடும்."

தோட்டத்து டிரசர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு இது. ஆட்கள் பெயர் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் காலையில் வரிசையாக நிற்கவைத்துக் கொயினா என்கிற மலேரியா மருந்தைக் கொடுத்து, வாயைத் திறக்கச்சொல்லி விழுங்கினார்களா என்று பார்ப்போம். கைகால் வலியா, கொயினா. படபடப்பா, கொயினா. வேகமான நாடி என்றால் மலேரியா என்று எங்கள் மண்டையில் ஆணி அடித்திருந்தது. மற்றவர்களுக்குக் கொடுத்துக் கொடுத்து, தனக்கும் அதையே போட்டுக்கொண்டிருந்தான். சயாம் பயணத்துக்கென்று கொடுத்த டப்பாவும் அவன் கையில்தான் இருந்தது.

"காய்ச்சலே இல்லையேப்பா."

"நீ சயாமுக்குப் போகணும்னா கிராணிகிட்ட கேளு. என் நெஞ்சுல எதுக்குடா நோயக் கொண்டாந்து வைக்கிற?"

அன்று மாலையே தங்கம் வந்துவிட்டாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். "அண்ணே, உங்களுக்கு அவரக் கண்டா ஆகாதுன்னு லயத்து வீடுங்கள்ல எல்லாருக்கும் தெரியும். நான் ஒருநாளும் கேட்டதில்ல. இதுல மட்டும் கை வைக்காதீங்க. பிள்ள பொறக்கறப்ப எனக்கு ஒருவேளச் சோறு வேணும்ணே."

"அவன் போனா உனக்குச் சோறு வரும், அவன் வருவானான்னு தெரியலம்மா."

"நீங்க போனா அந்தச் சோறு உங்களுக்குத்தானே?"

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பொறாமைக்காரன் வாயிலிருந்து வருகிற உண்மைக்கு மதிப்பே கிடையாது. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, பிறகு அவனுக்காக இப்படி வந்து நிற்க ஒருத்தி இருக்கிறாளே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமை வந்தது.

டாக்டர் வந்த அன்று மாசிலாமணியை அவர் முன்னால் உட்காரவைத்தேன். நாடியைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். முதுகில் தட்டிக்கொடுத்தார். "காய்ச்சல் விட்டு விட்டு வருது போல. கொயினாவக் கொஞ்சம் கூட்டிக்க. சயாம்ல கொசு ஜாஸ்தி" என்றார்.

ஒன்றைக் கவனித்தேன். அவர் மாசிலாமணியின் முகத்தைத்தான் பார்த்தார். கழுத்தைப் பார்க்கவே இல்லை. பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிடித்தவனை அப்படித்தான் பார்ப்போம்.

"சார், காய்ச்சல் இல்ல. ஏறினாலும் நூத்தம்பது, படுத்தாலும் நூத்தம்பது" என்றேன்.

"உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"என்ன நம்பவேண்டாம் சார். நீங்களே எண்ணிப் பாருங்க. தொட்டிவரைக்கும் அனுப்பிட்டு மறுபடியும் எண்ணுங்க. நான் வெளிய நிக்கறேன்."

என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. டாக்டர் என்னை முறைத்தார். பிறகு எழுந்து மாசிலாமணியின் சட்டையைத் திறந்து, சன்னல் வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "வந்து நாடியப் பிடி" என்றார் என்னிடம். தாடைக்குக் கீழே, கழுத்தின் ஒரு பக்கத்தில், தன் கட்டை விரலை வைத்து அழுத்தித் தேய்த்தார்.

என் விரலுக்கடியில் நாடி சட்டென்று பாதியாகிவிட்டது. படிப்படியாகக் குறையவில்லை, ஒரே வெட்டில் பாதி. கழுத்து நரம்போ முன்போலவே அதிர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் விரலை எடுத்தார். நாடி ஒரே தாவலில் பழைய இடத்துக்குப் போய்விட்டது.

"எவ்வளவு?" என்றார். சொன்னேன். "கொயினாவ நிறுத்து. இப்பவே."

பிறகு அவர் எங்கள் இருவருக்கும் விளக்கியதை உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் புத்தகத்தில் படம் போட்டிருக்கும், எங்களுக்கு வாய்தான் படம். இதயம் துடிக்க மேலறையில் ஓர் இடத்திலிருந்து மின்சாரம் கிளம்பிப் பரவி, வேலையை முடித்து அடங்கவேண்டும். இந்த நோயில் அது அடங்காமல் செக்கு மாடு மாதிரி ஒரே வட்டத்தில் சுற்றுகிறது, நிமிடத்துக்கு முந்நூறு சுற்று. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் ஒரு வாசல் உண்டு. வாசல்காரன் இரண்டுக்கு ஒன்றைத்தான் கீழே விடுவான். அதனால்தான் மணிக்கட்டில் எப்போதும் நூற்றைம்பது. கழுத்தை அழுத்தினால் வாசல்காரன் கொஞ்ச நேரம் கண்டிப்பாகி நான்குக்கு ஒன்றை விடுகிறான். மாடு நிற்கவில்லை, அதைத்தான் கழுத்து நரம்பில் பார்த்தோம்.

"அப்ப கொயினா?" என்று மாசிலாமணி கேட்டான்.

"அது மாட்டக் கொஞ்சம் மெதுவாக்கும். மெதுவா வந்தா வாசல்காரன் என்ன செய்வான் தெரியுமா? ஒண்ணு விடாம எல்லாத்தையும் உள்ள விட்டுருவான். கீழறை இருநூறுக்கு மேல ஓடும். ஓடி நிக்கும்."

மாசிலாமணி கொயினா டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தான்.

வைத்தியம் டிஜிட்டாலிஸ். அது ஓர் இலை. வாசல்காரனைக் கண்டிப்பாக வைத்திருக்கும் மருந்து. வெள்ளைக்கார டாக்டர் விட்டுப்போன அலமாரியில் பழைய தூள் கொஞ்சம் இருந்தது, வீரியம் இருக்குமோ என்னவோ என்று டாக்டர் அளந்து அளந்து கொடுக்கச் சொன்னார். கொடுத்தவன் நான். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவன் நாடி தாறுமாறாகிவிட்டது. ஒரு துடிப்பு பெரிது, ஒன்று சிறிது, ஒன்றைக் காணோம். நான் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஊரும் அப்படித்தான் சொல்லும் என்பதும் கூடவே தோன்றியது. கூலிமுக்கு ஆள் அனுப்பினேன். டாக்டர் வந்து நாடியைப் பிடித்து, "நல்லது. மாடு செக்க உடைச்சிட்டு வெளிய வந்திருச்சு. மருந்த நிறுத்திட்டுப் பொறுத்திரு" என்றார். பொறுத்திருந்தோம். ஒருநாள் காலை அவன் நாடி எண்பதில் ஒழுங்காக நடந்தது. தொட்டி மேட்டில் ஏறச் சொன்னேன். ஏறினான், நாடியும் கூடவே ஏறியது. அவனைக் கட்டிப் பிடிக்கலாம் போலிருந்தது, பிடிக்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்லவேண்டியது இங்கேதான் இருக்கிறது. பிடிக்காத நோயாளியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அவனை எப்படியும் உற்றுப் பார்ப்பீர்கள். உங்களுக்குப் பிடித்தவன் வந்தால் சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள், இரண்டு தடவை எண்ணுங்கள், உங்களுக்கு வேண்டாத ஒரு சக ஊழியரைக் கூப்பிட்டு மூன்றாம் தடவை எண்ணச் சொல்லுங்கள். பொறாமையை ஒழித்துவிட்டு வேலைக்கு வாருங்கள் என்று யாராவது அறிவுரை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். என்னால் அது ஆகவில்லை. என் பொறாமையை நான் டாக்டர் விரலிடம் ஒப்படைத்தேன், அவ்வளவுதான்.

நன்றி கிடைத்ததா என்று கேட்பீர்கள். டாக்டர் பிற்காலத்தில் அந்தக் கதையைப் பல பேருக்குச் சொன்னார். "மாசிலாமணி கேஸ்" என்றுதான் சொல்வார். கழுத்தை அழுத்தியது அவர், இதயம் மாசிலாமணியுடையது, நாடி பிடித்தவன் "ஒரு டிரசர்". நோயிலும் பெயர் அவனுக்கே போனது. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

மாசிலாமணி இன்னும் சில வாரம் பாரம் தூக்கக்கூடாது, பயணம் கூடாது என்று டாக்டர் கிராணியிடம் சொன்னார். கிராணி என்னைப் பார்த்தார். நான் அவர் கேட்கும்வரை காத்திருக்கவில்லை.

சுங்கை பட்டாணி ரயில் நிலையத்துக்கு லாரியில் போனோம். ஆட்களை வழியனுப்பத் தோட்டமே வந்திருந்தது. ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு போர்வையும் ஒரு பை அரிசியும் கொடுத்தார்கள். அத்தனை வெள்ளை அரிசியைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. என்னுடைய பையைத் தங்கத்தின் கையில் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. மாசிலாமணி அவளுக்குப் பின்னால் நின்றான். மெலிந்திருந்தான். என் தோளில் தொங்கிய மருந்துப் பையை, டிரசர் என்று எழுதிக் கையில் கட்டிவிட்ட துணியை, ரயில் பெட்டியை, ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருடமாக நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வை அது.

"என் இடம்டா அது" என்றான். "நீ நல்லா இருப்ப."

"மூணு மாசம்தானப்பா" என்றேன்.

ரயில் நகர்ந்தது. பெட்டிக்குள் எங்கள் தோட்டத்து ஆட்கள் பாட ஆரம்பித்தார்கள். நான் வாசலில் நின்று கையை ஆட்டினேன். எல்லாரும் பதிலுக்கு ஆட்டினார்கள், மாசிலாமணி மட்டும் ஆட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த மனிதன் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டான், வாழ்க்கையில் ஒரே ஒருமுறை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சயாம் எல்லை வரும்வரை நானும் அவர்களோடு சேர்ந்து பாடிக்கொண்டே போனேன்.